ஆளைத் திருப்பி அனுப்பினவள்

அவள் ஒருத்தியை வேண்டாம் என்று சொல்வதைப் பார்க்க வேண்டும். தலையை ஆட்ட மாட்டாள், முகத்தைச் சுளிக்க மாட்டாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கையைச் சீலையில் துடைத்துவிட்டு, எதிரே இருப்பவளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, வாசல்வரை கூடவே நடப்பாள். "மக்கா, நீ இப்பம் வீட்டுக்குப் போ" என்பாள். அவித்த மரச்சீனிக் கிழங்கை வாழையிலையில் பொதிந்து கையில் கொடுப்பாள். வந்தவள் ஏசிக்கொண்டு போவாள் என்றுதானே நினைப்பீர்கள். பாதிப் பேர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நான் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருத்தரை நிமிர்ந்து பார்த்துப் பேசவே எனக்கு வராது. கேட்டு வந்த எல்லாரையும் சரி என்று சேர்த்துக்கொண்டவள் நான். என்னை ஒருத்தி கும்பிட்டதாக நினைவில்லை.

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த டிப்போவில் அவள் பேரைச் சொல்லாத வாய் கிடையாது. நான் ஒருத்தியாவது சொல்லாமல் இருந்துவிட்டுப் போகிறேன்.

வடக்கே மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்து அனுப்புகிற பெரிய கம்பெனி அது. நாகர்கோவிலில் ஒரு டிப்போ, மார்த்தாண்டத்தில் ஒன்று, செங்கோட்டையில் ஒன்று. மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயலில் வேலை இல்லாமல் போனதும் பெண்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். மூன்று நாள் டிப்போவிலேயே தங்க வைத்துக் கஞ்சி ஊற்றி, தேறினவளுக்கு ஒரு கம்பளி கொடுத்து, லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்புவோம். கம்பளி கையில் இருந்தால் அவள் கம்பெனி ஆள். இல்லாவிட்டால் இல்லை.

டிப்போவில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் கிணற்றில் தண்ணீர் கோரிக் கொடுக்கிற வேலை. பிறகு கஞ்சி. பிறகு கம்பளி அறை. அதற்கு மேலே பார்வை, அதாவது வருகிறவளை உட்காரவைத்துப் பார்த்து, இவள் மலைக்கு ஆவாளா ஆகமாட்டாளா என்று சொல்கிற வேலை. எல்லாருக்கும் மேலே ஒரு மேலாள். தண்ணீரிலிருந்து பார்வைக்கு ஏற எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. வாயைத் திறந்து கேட்கத் தெரியாது, அதனால். அவள் சுதந்திரம் வந்ததற்கு மறுவருஷம் வந்து குடத்தை எடுத்தாள். எட்டு மாதத்தில் பார்வைக்கு வந்து என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

என்னைவிட ஐந்தாறு வயசு இளையவள். "யக்கா, கொஞ்சம் ஒதுங்கி இரிங்க" என்றாள். ஒதுங்கினேன்.

பார்வைக்கு வந்த முதல் நாள் அவள் மடி நிறைய முருங்கைக்கொப்பு ஒடித்துக்கொண்டு வந்தாள். வந்திருந்த பதினொரு பெண்களையும் வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கொப்பைக் கொடுத்து, "பேசிட்டே உருவுங்க, கஞ்சிக்கு ஆச்சு" என்றாள். அவளும் கூட உருவினாள். கீரை தீர்ந்தபோது நாலு பேரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பேர் எழுதுகிற ரைட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் பலகையில் அன்றன்றைக்கு எழுதுகிற ஆள் எண்ணிக்கை குறைந்தால் மானேஜர் அவரைத்தான் பிடிப்பார்.

"ஏட்டி, ஆளை எடுக்கதுக்கு உன்னை வச்சிருக்கா, விரட்டுகதுக்கா?"

"ஓடியாறவளுக்கு என்னத்துக்கு சாரே கம்பளி? அந்த நாலு பேரும் பத்து நாள் மலையில இரிக்கமாட்டாளுவ."

"அது உனக்கு எப்படித் தெரியும்? சோழி போட்டுப் பாத்தியா?"

"கீரை உருவிப் பாத்தேன்லா" என்றாள். டிப்போவே சிரித்தது. ரைட்டரும் சிரித்துவிட்டார். நான் என்ன சொன்னாலும் யாரும் சிரித்ததில்லை. கோபப்பட்டதும் இல்லை.

மழை தொடங்கும்போது மலையிலிருந்து கடிதம் வந்தது. நான் அனுப்பினதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிட்டது. அவள் அனுப்பினதில் ஒருத்தியும் ஓடவில்லை. மானேஜர் வெளியே வந்து, எங்கள் பலகையைத் தாண்டி, அவள் பலகைக்கு முன்னால் நின்று, "இது என்ன விசேஷம், சொல்லு" என்றார். அவள் கீரையைக் காட்டினாள். மானேஜருக்கு உடனே விளங்கிவிட்டது. கொழுந்து கிள்ளுகிற விரலும் கீரை உருவுகிற விரலும் ஒன்றுதானே என்றார். ரைட்டரை உட்காரவைத்து மற்ற டிப்போக்களுக்கும் கடிதம் எழுதச் சொன்னார். இனி பார்வைக்கு முருங்கைக்கீரை கட்டாயம்.

அந்த வருஷம் நாகர்கோவிலில் டிப்போவைச் சுற்றி நின்ற முருங்கை மரம் எல்லாம் மொட்டையாகிப் போனது. வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மார்த்தாண்டத்தில் மூன்று வேளையும் முருங்கைக்கீரைதான் என்று லாரி டிரைவர் சொன்னான். நானும் கொப்பைக் கொடுத்தேன். குனிந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாக உருவினவளை உடனே எடுத்தேன், கீரையில் ஈர்க்கு விழவிட்டவளைக் கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தேன். என் ஆட்கள் பழையபடியே ஓடிவந்தார்கள். மார்த்தாண்டத்திலும் செங்கோட்டையிலும் அதே கதைதான்.

அவள் விரலைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கீரை உருவ உட்கார்ந்தால் எந்தப் பெண்ணும் பேசாமல் இருக்கமாட்டாள். அந்தப் பேச்சில் அவள் நைசாக ஒன்று கேட்பாள். "இண்ணைக்குக் காலம்பற வீட்டுல ஆரு அடுப்பு பத்திச்சா?" அவ்வளவுதான். நாத்தூன் பத்தினாள், மூத்தவள் பத்தினாள் என்று சொன்னால் தலையை அசைத்துக்கொண்டே உருவுவாள். அடுப்பு பத்த ஆள் இல்லை, அம்மைக்குக் கண் தெரியாது, பிள்ளை தொட்டிலில் கிடந்தது என்று ஒருத்தி சொன்னால், கையைத் துடைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டில் பாதியை விட்டுவிட்டு வந்தவள் மலையில் நிற்கமாட்டாள், இதுதான் அவள் வித்தை.

இதைக் கண்டுபிடித்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்த்தாண்டம் டிப்போக்காரி வந்து என்னிடம் கேட்டபோதும், "விரலைப் பாரு" என்றுதான் சொன்னேன். எனக்கே அதைச் செய்து பார்க்க ஆசைதான். ஆனால் ஒரு அந்நியப் பெண்ணிடம் அடுப்பைப் பற்றிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டாலும், போ என்று சொல்ல எழாது.

அவளிடம் குறையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெற்றிலையைப் போட்டு டிப்போச் சுவரிலேயே துப்புவாள். பிடித்தால் பிடித்த பிடிதான், பிறத்தியார் சொல்வது காதில் ஏறாது. திருவட்டாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறிய பெண்ணை, வீட்டில் சுகமில்லாத அப்பன் இருக்கிறான் என்று திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் வாசலில் நின்று, "அம்மை, என்னைப் போகச் சொல்லாதீங்க" என்று மூன்று தடவை சொன்னது. கேட்கவில்லை. எட்டாம் நாள் அது கையில் சூட்டுப் புண்ணோடு திரும்பி வந்தது. சித்தி வைத்த சூடு. அவளே புண்ணுக்கு எண்ணெய் தடவி, தன் சீலையைக் கிழித்துக் கட்டி, அடுத்த லாரியில் ஏற்றினாள். பிறகு இரண்டு நாள் கஞ்சி குடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன். எழுதும்போது அதை மாற்றி எழுத மனசு வரவில்லை.

மத்தியானம் கஞ்சிக்கு உட்கார்ந்தால் தன் சட்டியிலிருந்து பொரித்த சாளையை எடுத்து என் சட்டியில் போடுவாள். "யக்கா, முள்ளு பாத்துத் தின்னுங்க" என்பாள். எனக்கு மீன் முள் தெரியாதா. அவள் அப்படிக் கொடுக்கும்போது தண்ணீர் கோருகிறவள் முதல் ரைட்டர் வரைக்கும் பார்ப்பார்கள். கொடுத்தவள் நல்லவள், வாங்கினவள் பாவம். எனக்குச் சாளை ரொம்பப் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் தின்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேலாள் இடம் காலியாகப் போகிறது என்ற பேச்சு வந்தது. இருந்த கிழவி மகள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் போகிறாள். மேலாளுக்குப் பின்பக்கம் ஒரு அறை உண்டு. கிணற்றைப் பார்த்த ஜன்னல், பாய் விரிக்க இடம், உள்ளே தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நான் சொல்ல வேண்டும். என்னைக் கட்டினவர் கொல்லத்துக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டார். நான் அண்ணன் வீட்டில், நெல் பத்தாயத்துக்கும் உரலுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தேன். சீலை மாற்றக்கூட விளக்கை அணைக்க வேண்டும். அண்ணன் பெண்டாட்டி, என் மைனிக்கு வாய் அதிகம். நான் காலையில் கிளம்பும்போது, அண்ணன் காதில் விழும்படி, "ஆளெடுக்க ஆப்பீசுல இருக்காளே, நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆளை எடுத்துட்டுப் போகப்பிடாதான்னு அவனுவகிட்ட கேட்டுப் பாருங்க" என்பாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு அந்த அறை வேண்டும். வேறு எதையும் நான் அப்படி விரும்பினதில்லை.

என் பக்கத்துப் பலகைக்காரி வீட்டில் கட்டினவனும் ஒரு மாமியும் இருந்தார்கள். தனி அறை அவளுக்கு எதற்கு. ஆனால் கொடுத்தால் வாங்காமலா போவாள்.

மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "மூத்தது நீ, கெட்டிக்காரி அவள். ஆளுக்கு ஒரு லாரி. யாருடைய லாரி ஆட்கள் ஓடாமல் நிற்கிறார்களோ அவளுக்கு அறை" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் கொட்டாரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயசு இருக்கும். கீரை உருவினபோது, மூன்று மாதக் கைப்பிள்ளையைத் தன்னைப் பெற்ற தள்ளையிடம் விட்டுவிட்டு வந்ததைச் சொல்லிவிட்டாள். பக்கத்துப் பலகையிலிருந்து அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பால்குடி மறந்த பொறவு வா மக்கா, நானே ஏத்திவிடுகேன்" என்று வாசலுக்குக் கொண்டுபோனாள். இந்தப் பெண் கிழங்குப் பொதியை வாங்கிக்கொண்டு வாசலைச் சுற்றிப் பின்பக்கம் வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். பிழைக்கப் போன கட்டினவன் திரும்பி வரவில்லை, வீட்டில் மூன்று நாளாகக் கஞ்சி இல்லை, இங்கே வந்தால் கஞ்சியாவது கிடைக்கும் என்று வந்தேன் என்றாள். "யக்கா, நீங்க சொன்னா கேக்கமாட்டாளா?" என்றாள்.

அப்போது என் இடுப்பில் கம்பளி அறைச் சாவி இருந்தது. பார்வைக்கு வந்த பிறகும் அந்தச் சாவி என்னிடம்தான். அன்று மாலை அவளுடைய ஆட்களில் ஒருத்தி காய்ச்சல் என்று கம்பளியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அதை ரைட்டரிடமும் அவளிடமும் நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கம்பளியை இந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். "காலம்பற ரெண்டாவது லாரியில ஏறு. பேரு கேட்டா இந்தப் பேரைச் சொல்லு" என்று காய்ச்சலில் போனவளின் பேரைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் லாரி என்னுடையது, இரண்டாவது அவளுடையது. அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். இல்லை, மேலே நான் எழுதியது தப்பு. ஒருத்தி கும்பிட்டிருக்கிறாள்.

லாரி கிளம்புமுன் அவள் அதன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அதற்கும் வழி செய்தேன். விடியற்காலையில் அவளிடம் போய், "மானேஜர் ஒன்னைக் கூப்பிடுகாரு" என்றேன். வாழ்நாளில் நான் கூசாமல் பேசின ஒரே பேச்சு அது. அவள் ஓடினாள். மானேஜர் வீட்டிலிருந்து வந்திருக்கவே இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் ரைட்டர் கம்பளியை எண்ணி, சரியாக இருக்கிறது என்று லாரியை அனுப்பிவிட்டார்.

"அவரு வரவே இல்லியே யக்கா" என்றாள்.

"வந்த மாதிரி இருந்து" என்றேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண் டிப்போ வாசலில் வந்து நின்றாள். கம்பளி தோளில் கிடந்தது. மலையில் மூன்றாம் நாளே மார் கட்டிக் காய்ச்சல் வந்து, பாலைப் பிழிந்து பிழிந்து விட்டிருக்கிறாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் இறங்கி, பாதி நடந்தும் பாதி வண்டியிலுமாக ஊருக்குப் போய்ப் பிள்ளையை எடுத்திருக்கிறாள். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஆட்டுப்பால் குடித்துப் பழகிவிட்டது. இவளிடம் பாலும் இல்லை, இவளைப் பிள்ளைக்கு அடையாளமும் இல்லை. "பிள்ளை மொகத்தைத் திருப்புகு அம்மை" என்று அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க போகாதேன்னு சொன்னியளே."

மலையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. மானேஜர் எல்லாரையும் வரச் சொன்னார். நான் தூணோடு தூணாக நின்றேன். என் லாரியில் அந்த ஒன்பது நாளில் யாரும் ஓடவில்லை, கடவுள் அருளா என்னவோ.

"இவள் உன் லாரியில் போனவள்தானே?" என்று மானேஜர் கேட்டார். "பேரு வேற, ஆளு வேற. கைப்பிள்ளைக்காரி. இவளையா நீ பார்த்து எடுத்தாய்?"

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். பிறகு என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் என் பக்கம் திரும்பி வாயெடுக்கப் போனது. அவள் அதன் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"எனக்க லாரியில போனவ சாரே. நான்தான் பொறுப்பு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தன் கண்ணை மறைத்து ஒருத்தியை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்ல அவளுக்கு ரோஷமாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அறை எனக்குக் கிடைத்தது. அவளைத் திரும்பவும் தண்ணீர் கோர வைத்தார்கள். நான் தகரப்பெட்டியும் பாயுமாக வந்த அன்று, குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள்தான் பெட்டியின் மறுகைப்பிடியைப் பிடித்தாள். உள்ளே கொண்டுவந்து வைத்தோம். ஜன்னலைத் திறந்துவிட்டாள். தாழ்ப்பாளை ஒருதரம் போட்டுப் பார்த்து எடுத்தாள்.

"யக்கா" என்றாள். "ஒங்களுக்கு இந்த ரூமு வேணும்னா எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்தக் குட்டியை என்னத்துக்கு ஏத்தினிய?"

நான் பெட்டியைச் சுவரோடு நகர்த்தினேன். அவள் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் தந்திருப்பாள். சாளையைப் போட்டதுபோல, எல்லாரும் பார்க்க, என் சட்டியில் போட்டிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

மேலாளான பிறகு ரைட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பழைய பலகைக்குக் கொண்டுவந்திருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த அறுப்பு முடிந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான் பெரிய பலகையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக வரச் சொன்னேன். வெயிலில் நடந்து வந்தவர்கள், முதலில் பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போவார்கள். என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். அவள் கையில் ஊற்றிக்கொண்டே ஏதோ கேட்பாள். அவர்கள் ஏதோ சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பலகைக்கு வருவார்கள். மற்றவர்களை அவள் குடத்தை வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்து, பின்வாசல் வழியாக ரோட்டுவரை கொண்டுவிடுவாள். அவர்கள் என்னிடம் வந்ததே இல்லை. அவளை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. வந்த எல்லாரையும் வழக்கம்போலச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மழை முடிந்து மலைக் கடிதம் வந்தது. என் பேரில் போனவர்களில் ஒருத்திகூட ஓடவில்லை. மானேஜர் டிப்போ ஆட்கள் எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். பிறகு, எல்லாரும் பார்க்கட்டும் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ரைட்டர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நின்றேன்.

அவள் கடைசியில், நனைந்த சீலையோடு நின்று தட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கேலி இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை நேரம் பார்த்தும் அப்படி ஒன்றும் தெரியவில்லை.